திண்ணை வெளிச்சமா, ஸ்டுடியோ விளக்கா? விற்கும் பொருளைப் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

அரியலூர் மாவட்டத்தில், விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீபுரந்தான். அங்கே பிரகதீஸ்வரர் கோயில் நடராஜர் 2006-ல் களவுபோனார். 2008-ல் அதே சிலையை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. களவு பற்றிய வழக்கு பதிவானது விக்கிரமங்கலம் காவல் நிலையத்தில். கான்பெராவில் நிற்பது நம் ஊர் நடராஜர்தான் என்று காட்டப் பெரிய சான்றாக இருந்தவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியா திரும்பியது.

ஒரு பொருளை எப்படிப் படம் எடுப்பது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வரும். அவை ஆவணத்துக்காக எடுத்தவை. பொருளைத் தெளிவாக, இருக்கிறபடி காட்டினால் போதும் என்று எடுத்தவை. முந்திரியும் செக்கு எண்ணெயும் விற்கிற நாமும் படத்திடம் இதே வேலையைத்தான் கேட்கிறோம். சென்னையிலோ கோவையிலோ பார்சலைப் பிரிக்கிறவர், "படத்துல பார்த்தது இதேதான்" என்று சொல்ல வேண்டும்.

"நானே போன்ல எடுத்துக்கலாமா, இல்லை ஆள் வச்சு எடுக்கணுமா?" புதிதாகத் தொழில் தொடங்குகிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. என் பதில் ஒன்றுதான்: முதலில் நீங்களே எடுங்கள். கையில் இருக்கிற எல்லாப் பொருளையும் ஒரு சுற்று எடுத்துப் பாருங்கள். எது உங்களுக்கு வருகிறது, எது வரவே மாட்டேன் என்கிறது என்று அப்போதுதான் தெரியும். வராததற்கு மட்டும் காசு செலவழித்தால் போதும்.

படி 1: படம் எங்கே போகப் போகிறது?

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் போகிற படமும் அமேசானில் போகிற படமும் பாக்கெட்டில் அச்சாகிற படமும் ஒன்றல்ல.

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம், ஒரு பொருளுக்குப் பத்துப் படம் வரை போடலாம். பின்னணி எப்படி இருந்தாலும் அங்கே தடையில்லை. அமேசான் அப்படியில்லை. முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் போதாது, ஆர்.ஜி.பி. அளவில் மூன்றும் 255 என்று காட்ட வேண்டும். பொருள் படத்தின் 85 சதவீதத்தையாவது நிறைக்க வேண்டும். விலை, கடைப்பெயர், 'ஆஃபர்' என்று எந்த எழுத்தும் படத்தின் மேல் கூடாது. வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்க்க நீளப்பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும்.

அச்சுக்கு என்றால் பலர் பயப்படுகிறார்கள், "போன் படம் தாங்குமா?" என்று. தாங்கும். 12 மெகாபிக்சல் போன் எடுக்கிற படம் 4000-க்கு 3000 பிக்சல். 300 டிபிஐ-யில் அச்சிட்டாலே சுமார் 34-க்கு 25 சென்டிமீட்டர் வரும். கால் கிலோ முந்திரி பாக்கெட்டுக்கு அது தாராளம்.

படி 2: உங்கள் பொருளின் குணம் என்ன?

முடிவை எடுக்கிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசலாம். வெளிச்சம் பட்டால் உங்கள் பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்கிற பொருள்கள் சுலபம். முந்திரிப் பருப்பு, வேர்க்கடலை, சின்ன வெங்காயம், கம்பு, சோளம், மல்லி, பருத்தித் துணி, மண்பாண்டம், பனையோலைப் பெட்டி ஆகியவை கண்ணைப் பறிக்காது. முகம் காட்டுகிற கண்ணாடி போல் அறையைத் திருப்பிக் காட்டாது. இவற்றுக்கு ஆள் வைக்கத் தேவையே இல்லை. பழகினால் வீட்டில் எடுக்கிற படம் ஸ்டுடியோ படத்துக்குக் குறைவாக இருக்காது.

வெளிச்சத்தைத் திருப்பி எறிகிற பொருள்கள் கடினம். பித்தளை விளக்கு, எவர்சில்வர், வெள்ளி, பாலிஷ் போட்ட கல் எல்லாம் இந்த வகை. ஒரு குத்துவிளக்கைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஜன்னல் தெரியும், உங்கள் சட்டை தெரியும், போன் பிடித்திருக்கிற கை தெரியும். நான்கு பக்கமும் வெள்ளைத் துணி கட்டி, லென்ஸ் நுழைய மட்டும் ஓட்டை விட்டு எடுத்தால் ஓரளவு சரியாகும். பத்துப் பதினைந்து விளக்கை அப்படி எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். இதற்கு ஆள் வைப்பதே நல்லது.

எண்ணெய் பாட்டில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கு ஒரு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

பட்டில் சிக்கலே வேறு. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் தறி நெய்கிறவர்களுக்கு இது தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால் சேலை பார்க்கிற கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும். எந்த நிறத்தைப் படத்தில் காட்டுவது? இரண்டையும் காட்டத்தான் வேண்டும்: ஒரு படம் நேராக விரித்து, இன்னொன்று மடிப்பு விழ வைத்து. ஜரிகை வேறு, நேர் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விற்கிற பருத்திச் சேலையை நீங்களே எடுங்கள். பத்தாயிரத்துக்கு மேல் போகிற பட்டுக்கு, நிறத்தை அளந்து எடுக்கத் தெரிந்த ஆளிடம் போங்கள். நிறம் பிசகித் திரும்பி வருகிற ஒரு சேலையின் நஷ்டம், படம் எடுக்கிற கூலியைத் தின்றுவிடும்.

மரச்சிற்பத்துக்குப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு அது. சிற்பம் உயிரோடு இருப்பது நிழலில்தான். நேராக முகத்தில் வெளிச்சம் அடித்தால் உளி போட்ட ஆழமெல்லாம் தட்டையாகிவிடும். வெளிச்சத்தை ஒரு பக்கமாக, கொஞ்சம் மேலிருந்து விடுங்கள்; மூக்கின் நிழல் கன்னத்தில் விழும்போது செதுக்கின கை தெரியும். 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்கிற அரசாங்கப் புகைப்படக்காரர் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களைப் படம்பிடித்தார். மின்விளக்கு இல்லாத காலம் அது. சூரியனை வைத்துக்கொண்டே அந்தக் காரியம் ஆயிற்று. எனவே சின்னச் சிற்பங்களை வீட்டில் எடுக்கலாம். ஆளுயரத் தேர்ச்சிற்பமோ லட்ச ரூபாய் வாசக்காலோ என்றால் விளக்கோடு ஆள் வர வேண்டும்.

படி 3: கணக்கு போட்டுப் பாருங்கள்

"நானே எடுத்தா செலவே இல்லையே" என்பது தவறான கணக்கு. உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முப்பது பொருள், ஒவ்வொன்றுக்கும் நான்கு படம், ஆக 120. புதிதில் ஒரு படத்துக்கு, அடுக்கி, எடுத்து, திருத்தி முடிக்க இருபது நிமிடம் ஆகிறது என்றால் மொத்தம் 40 மணி நேரம். கை பழகி ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டால் 10 மணி நேரம். அந்த 40 மணியில் நீங்கள் எவ்வளவு பருப்பு உடைத்துப் பாக்கெட் போட்டிருப்பீர்கள் என்று பாருங்கள். அதுதான் முதல் சுற்றின் செலவு. இரண்டாம் சுற்றின் செலவு அதில் கால் பங்கு.

அடுத்த பக்கத்தில் இதை எழுதுங்கள்: புகைப்படக்காரர் கேட்கிற தொகை, அவர் வந்து போகிற செலவு, பொருளை நீங்கள் கொண்டுபோனால் அந்தச் செலவு, படம் கைக்கு வர ஆகிற நாள். பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி: இந்தப் படம் எத்தனை நாள் உழைக்கும்? பாக்கெட்டில் அச்சாகி இரண்டு வருடம் ஓடப் போகிற படத்துக்குக் காசு கொடுக்கலாம். இந்த வாரம் அறுத்த வெங்காயத்தை இந்த வாரமே விற்கப் போடுகிற ஸ்டேட்டஸ் படத்துக்கு ஆள் வைப்பது வீண்.

படி 4: திண்ணையை ஸ்டுடியோ ஆக்குங்கள்

நாங்கள் முதன்முதலில் முந்திரியைப் படம் எடுத்தது ஒரு ராத்திரி நேரத்தில். பகலெல்லாம் வேலை, சாப்பிட்ட பிறகுதான் நேரம் கிடைத்தது. மஞ்சள் பல்பின் கீழ், எவர்சில்வர் தட்டில் பருப்பைக் கொட்டி எடுத்தோம். மறுநாளே போன் வந்தது. "அக்கா, இது வறுத்த பருப்பா? பச்சைப் பருப்புதானே கேட்டேன்?" பருப்பில் குறையே இல்லை. வெள்ளைப் பருப்பை வெளிச்சம் வறுத்துக் காட்டிவிட்டது. அந்த ஆர்டர் போனது. அன்றைக்குப் பிறகு ராத்திரியில் எடுப்பதில்லை.

திண்ணை, தாழ்வாரம், வாசல் நடை: மேலே கூரை, ஒரு பக்கம் திறந்த வெளி. நம் பழைய வீடுகளில் இருக்கிற இந்த இடங்களைப் போல நல்ல ஸ்டுடியோ கிடைக்காது. நேர் வெயில் உள்ளே வராது, வானத்து வெளிச்சம் ஒரு பக்கமாக மெத்தென்று வரும். வடக்குப் பார்த்த வாசலாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்று: வடக்கு வாசலில் வெயிலே விழாது என்று புத்தகங்கள் சொல்வது குளிர்நாட்டுக்குப் பொருந்தும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடபுறமாகத்தான் நிற்கும். அந்த மாதங்களில் வாசலில் வெயில் விழுந்தால், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள். வெயில் அதில் வடிகட்டி இறங்கும்.

தேவையான சாமான் இவ்வளவுதான்: ஒரு பெரிய வெள்ளைச் சார்ட் பேப்பர், இரண்டு தெர்மாகோல் அட்டை, ஒரு ஸ்டூல், செல்லோடேப், போனைப் பிடிக்க ஒரு டிரைபாட்.

சார்ட்டைச் சுவரில் மேலே ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து ஸ்டூல் மேல் இறக்குங்கள். பின்சுவரும் தரையும் சேர்கிற கோடு படத்தில் தெரியாது. பொருளை வளைவுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி வையுங்கள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால் தெர்மாகோலை வலது பக்கம் நிறுத்துங்கள். இருட்டாக இருந்த வலது பக்கம் தெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெர்மாகோலைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் குறையும், தள்ளி வைத்தால் கூடும். இந்த ஒரு அட்டையை நகர்த்தக் கற்றுக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வீட்டுக்குள் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை என்று நிறம் குழம்பும், பிறகு எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது. சுவருக்கு ரோஸோ பச்சையோ அடித்திருந்தால் அந்த நிறமும் பொருளில் ஏறும். அந்தச் சுவரை ஒரு வெள்ளைத் துணியால் மூடிவிட்டு எடுங்கள். உங்கள் சிவப்புப் புடவையோ மஞ்சள் சட்டையோகூட இதைச் செய்யும்.

இப்போது முந்திரி. குவித்து வைக்காதீர்கள், குவியலில் முழுப்பருப்பு எது, அரைப்பருப்பு எது என்று தெரியாது. முப்பது நாற்பது பருப்பை ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள், நாலைந்தின் வளைவு வெளிச்சத்தைப் பார்க்கட்டும். தூசி, தோல் துணுக்கை ஈரமில்லாத சின்ன பிரஷ்ஷால் தள்ளுங்கள். ரகத்தில் கவனம் வேண்டும். 240 ரகம் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 240 பருப்புக்குள். 320 என்றால் 320-க்குள். கால் கிலோ பாக்கெட்டில் முன்னதில் ஏறத்தாழ 130 பருப்பு, பின்னதில் ஏறத்தாழ 175. படத்தில் 240-ஐப் பரப்பிவிட்டு பாக்கெட்டில் 320-ஐப் போட்டால், முந்திரி தெரிந்தவர் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார். எந்த ரகத்தை விற்கிறீர்களோ அதையே பரப்புங்கள். அரைப்பருப்பு விற்றால் அரைப்பருப்பையே அழகாகக் காட்டுங்கள். பாயசத்துக்கு அதுதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணெய்க்குச் சொன்ன வழி இது. எண்ணெயின் நிறம் முன்னாலிருந்து வருகிற வெளிச்சத்தில் தெரியாது, பின்னாலிருந்து ஊடுருவி வரவேண்டும். பாட்டிலைவிடக் கொஞ்சம் சிறிதாக, அதே வடிவத்தில் ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, பாட்டிலுக்குப் பின்னால் சாய்த்து மறைத்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் அந்த அட்டையில் பட்டு எண்ணெய்க்குள் வரும். கடலை எண்ணெய் இளம் பொன்னாகவும் நல்லெண்ணெய் அடர்ந்த தேன் நிறத்திலும் ஒளிரும். லேபிளில் வெள்ளைப் பளபளப்பு விழுந்தால் பாட்டிலை ஒரு விரல் அளவு திருப்பினாலே போய்விடும். பாட்டிலில் கைரேகை இருக்கக் கூடாது. துடைத்த பிறகு மூடியைப் பிடித்தே தூக்குங்கள்.

படி 5: போனைப் பிடிக்கும் முறை

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். படம் மங்கலாக வருகிறது என்று புதுப் போன் வாங்கப் போனவர்களில் பாதிப் பேருக்கு இதுவே மருந்து.

பொருளுக்கு மிகக் கிட்டே போகாதீர்கள். கிட்டே போனால் பாட்டிலின் மேல்பக்கம் பெருத்து அடிப்பக்கம் சிறுக்கும். மூன்றடி தள்ளி நின்று, போனில் தனியாக இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் சாதாரண லென்ஸிலேயே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுப்பது வேண்டாம்.

திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலே கீழே நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வெள்ளைப் பின்னணியில் போன் தானாகவே படத்தை இருட்டாக்கும் என்பதால் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். ஃபிளாஷ் கூடாது. இரண்டு வினாடி டைமர் போட்டுவிட்டால் கை ஆட்டம் படத்தில் விழாது.

படி 6: ஒரு பொருளுக்கு எத்தனை படம்?

ஐந்து போதும் என்பது என் அனுபவம்.

முதலாவது, வெள்ளைப் பின்னணியில் முழுப் பொருள். இரண்டாவது, மிக அருகில்: பருப்பின் மேற்பரப்பு, துணியின் நெசவு, மரத்தின் ரேகை. மூன்றாவது அளவு காட்டுகிற படம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளங்கையில் பருப்பு, ஒரு படிக்குப் பக்கத்தில் பாக்கெட், ஆள் கையில் சிற்பம் என்று எடுத்துவிட்டால் "எவ்ளோ பெருசுண்ணே இருக்கும்?" என்ற கேள்வி பாதியாகும். நான்காவது, பொருள் தன் இடத்தில் இருக்கிற படம்: முறத்தில் கம்பு, அடுப்பங்கரையில் எண்ணெய், தூளி கட்டின வீட்டில் மரக்குதிரை. பின்னணி சார்ட்டாக இருக்கத் தேவையில்லை. கடப்பா கல்லும் கோணிச்சாக்கும் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

ஐந்தாவது, பின்பக்க லேபிள். உணவுப் பொருளென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயர், முகவரி, பச்சைப் புள்ளிக் குறி எல்லாம் படிக்கிற அளவுக்குத் தெரிய வேண்டும். முன்பின் தெரியாத ஊர்க்காரர் உங்களை நம்புவது இந்தப் படத்தைப் பார்த்துத்தான். அழகான நான்கைப் பார்த்துவிட்டு, கடைசியில் இதைத் தேடிப் பிடித்துப் படிப்பார்.

படி 7: திருத்துவதற்கு ஓர் எல்லை

பின்னணியை வெள்ளையாக்கலாம், வெளிச்சத்தைச் சீராக்கலாம், சாய்வை நிமிர்த்தலாம், சார்ட்டில் விழுந்த தூசியை அழிக்கலாம். பொருளைத் தொடாதீர்கள். பருப்பை வெளுப்பாக்குவது, துணியின் சாயத்தைக் கூட்டுவது, சிற்பத்தில் இருக்கிற வெடிப்பை அழிப்பது எல்லாம் பொய். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் "இதை அழகாக்கு" என்று கொடுத்தால் அது உங்கள் பருப்பைத் தூக்கிவிட்டு வேறு ஏதோ பருப்பை வரைந்து தரும். பின்னணிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கிறவரின் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லையென்றால் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்றவர் மறுக்க முடியாது. ஆக, திருத்திய படத்தின் செலவு உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

நிறம் சரிபார்க்க எளிய வழி: எடுத்த படத்தை போனில் வைத்து, பொருளை அதன் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற வரை திருத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கிற யாரோ ஒருவரின் முந்திரிப் படத்தை எடுத்துப் போடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. அது திருட்டு.

படி 8: ஆள் வைத்து எடுப்பதென்றால்

முதல் சுற்று முடிந்திருக்கும். வராத பொருள் எது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஆள் தேடுங்கள்.

நம் பக்கத்தில் ஸ்டுடியோ என்றால் கல்யாணம், காதணி விழா, பாஸ்போர்ட் படம். அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ விசாரித்தாலும் பொருள் படத்தையே தொழிலாகச் செய்கிறவர் அரிது. திருச்சி, சென்னை என்று போக வேண்டிவரும். ஆனால் கல்யாணப் படக்காரரை ஒதுக்காதீர்கள். நல்ல கேமரா, விளக்கு, குடை எல்லாம் அவரிடம் இருக்கிறது. மனிதரை எடுத்துப் பழகிய கை, பொருளை எடுக்க ஒன்றிரண்டு நாள் பழக வேண்டும், அவ்வளவே. "ஆல்பம் காட்டுங்க" என்று கேட்காமல், உங்கள் பொருளில் ஒன்றைக் கையில் கொடுத்து, "அண்ணே, இதை மட்டும் எடுத்துக் காட்டுங்க, காசு கொடுத்துடறேன்" என்று கேளுங்கள். அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

எப்போது போவது? ஆடி. அல்லது மார்கழி. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கல்யாணப் படக்காரருக்கு வேலை குறைவு. விலையும் படியும், அவசரமில்லாமல் நின்று எடுப்பார். ஆடியில் எடுத்து வைத்தால் தீபாவளி விற்பனைக்கு எல்லாம் தயார். தை பிறந்த பிறகு போய் நின்றால் அவருக்குப் பேச நேரமிருக்காது.

பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூலி ஒரு பொருளுக்கா, ஒரு படத்துக்கா, ஒரு நாளுக்கா? திருத்தம் அதில் சேர்த்தியா? பிடிக்கவில்லையென்றால் மறுபடி எடுப்பாரா? எத்தனை நாளில் தருவார்? பெரிய அளவுப் படமும் இணையத்துக்கான சிறிய படமும் இரண்டும் தருவாரா? ஜி.எஸ்.டி. தனியா?

பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் உரிமை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது நீங்கள். "வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய ஊர் ஸ்டுடியோக்கள் நீட்டுகிற தாளில், படம் ஒரு வருடத்துக்கு மட்டும், இணையத்துக்கு மட்டும், அச்சுக்குத் தனிக் கட்டணம் என்று பொடி எழுத்தில் இருக்கலாம். கையெழுத்து போடும் முன் படியுங்கள். அவர் தன் வேலையைக் காட்ட உங்கள் படத்தைப் பயன்படுத்திக்கொள்ளட்டும், அதில் நமக்கு நஷ்டமில்லை. அதையும் எழுதிவிடுங்கள்.

எடுக்கிற அன்று கூடவே இருங்கள். பொருளை அறிந்தவர் நீங்கள். மரத்தில் எந்தப் பக்கம் ரேகை ஓடுகிறது, சேலையில் எது முந்தி, பருப்பில் எது முதல் தரம் என்று படக்காரருக்குத் தெரியாது. நீங்கள் திண்ணையில் எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "இந்தக் கோணம்தான் வேணும், ஆனா இந்தப் பளபளப்பு வரக் கூடாது" என்று விரல் வைத்துச் சொல்லலாம். வாயால் விளக்குவதைவிட அது சுலபம். முதல் சுற்றை நீங்களே எடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

படி 9: வாங்கி வைப்பதும் மறுபடி எடுப்பதும்

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அளவு சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டிரைவிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். ஒரு பிரதி போனில், இன்னொன்று வேறிடத்தில் இருக்கட்டும். கோப்பின் பெயரை முந்திரி-240-கால்கிலோ-முன்பக்கம்-1 என்கிற மாதிரி மாற்றி வையுங்கள். தீபாவளி நேரத்தில் ஒருவர் படம் கேட்டால் ஆயிரம் படத்துக்குள் தேட முடியாது.

வெளியிடும் முன் ஒரு சோதனை. உங்கள் பொருளைப் பார்த்திராத ஒருவரிடம் படத்தை மட்டும் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன, எவ்வளவு பெரியது, என்ன நிறம்? அவர் தடுமாறுகிற கேள்விக்கு இன்னொரு படம் வேண்டும்.

லேபிள் மாறினால், பாக்கெட் மாறினால், பழைய படத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். முந்திரி விற்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, புதுப் பருப்பு வந்ததும், அந்தப் பருப்பையே திண்ணையில் பரப்பிப் புதிதாக எடுத்துப் போடுங்கள்.